கப்பல் ஏறாத ஏற்றுமதி: ஆன்டிகுவா வழக்கில் சரக்கும் சேவையும்

2006 அக்டோபர் 13 அன்று அமெரிக்காவில் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. கப்பலில் வந்திறங்கும் கண்டெய்னர்களை எப்படிச் சோதிப்பது, அந்தச் சோதனைக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. அதன் வாலில், சம்பந்தமே இல்லாத இன்னொரு பகுதியை ஒட்டியிருந்தார்கள். சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கான பணத்தைச் சூதாட்ட நிறுவனங்கள் வாங்கக் கூடாது. அந்தப் பணம் போகும் வழியை வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் அடைக்க வேண்டும் என்றது அந்தப் பகுதி.

எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் நடந்துகொண்டிருந்த ஓர் ஏற்றுமதிக்கு, ஆன்டிகுவா என்ற தீவிலிருந்து அமெரிக்கர்களுக்குப் போன இணையச் சூதாட்டச் சேவைக்கு, துறைமுகச் சட்டத்துக்குள்ளிருந்து தடை வந்தது. மசோதாக்கள் நிறைவேறும் கடைசி நேர அவசரத்தில் நேர்ந்த தற்செயல்தான். ஆனாலும் சரக்கு வணிகமும் சேவை வணிகமும் எங்கே பிரிகின்றன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சரக்கைத் தடுக்க எல்லையில் ஓர் ஆள் நின்றால் போதும். சேவையைத் தடுக்க, வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குள் போக வேண்டியிருக்கிறது.

தீவின் கணக்கு

ஆன்டிகுவா பார்புடா கரீபியக் கடலில் உள்ள தீவு நாடு. பரப்பளவு 442 சதுர கிலோமீட்டர், மக்கள் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. சுற்றுலாதான் வருமானம். 1995இல் லூயிஸ் புயல் அடித்தபோது அந்த வருமானம் எவ்வளவு எளிதாக உடையக்கூடியது என்று நாடே பார்த்தது.

இப்படிப்பட்ட தீவு சரக்கு ஏற்றுமதியில் தலையெடுப்பது கடினம். மூலப்பொருள் வெளியிலிருந்து வர வேண்டும். உள்ளூர்ச் சந்தை சிறியது என்பதால் தொழிற்சாலை பெரிதாக முடியாது. தொழிற்சாலை சிறியது என்பதால் ஒரு பொருளுக்கான செலவு குறையாது. அதற்கு மேல் கப்பல் கூலி. சேவைக்கு வந்தால் இந்தத் தடைகளில் பாதிக்கு மேல் காணாமல் போகின்றன. 1994இல் தடையில்லா வணிக மண்டலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்த ஆன்டிகுவா, அதன் வழியே இணையப் பந்தய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. தேவைப்பட்டவை நான்குதான்: தொலைத்தொடர்பு இணைப்பு, உரிமம் கொடுக்கும் சட்டம், ஆங்கிலம் பேசும் ஊழியர்கள், அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் கடிகாரம்.

கடைசிக் காரணியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சரக்குக்குத் தூரம் என்றால் மைல் கணக்கு, டீசல் கணக்கு. சேவைக்கு அது மணிக்கணக்கு. ஆட்டம் நடக்கும் நேரத்தில் பந்தயம் எடுப்பவர் விழித்திருக்க வேண்டும். அதே காரணத்தால்தான் சில சேவைகளுக்கு நேர வித்தியாசமே சரக்காகிறது: ஒரு கண்டத்தில் மருத்துவர் சொல்லிப் பதிவு செய்ததை, அவர் தூங்கும்போது மறு கண்டத்தில் தட்டச்சு செய்து அனுப்புவது போல. தூரம் சேவைக்குப் பொருட்டே இல்லை என்று சொல்பவர்கள் மொழியையும், சட்ட மரபையும், கடிகாரத்தையும் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

1999இல் 119 உரிமம் பெற்ற நிறுவனங்கள், சுமார் 3,000 வேலைகள். 2003இல் 28 நிறுவனங்கள், 500க்கும் குறைவான வேலைகள். உலக வணிக அமைப்பிடம் ஆன்டிகுவா கொடுத்த கணக்கு இது. இடையில் புயல் எதுவும் இந்தத் தொழிலை அழிக்கவில்லை. அமெரிக்க அரசு வழக்குகள் போட்டது, அட்டை நிறுவனங்கள் பணம் அனுப்ப மறுத்தன, அவ்வளவுதான். 2003 மார்ச்சில் ஆன்டிகுவா, அமெரிக்கா மீதான வழக்கோடு, உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போனது.

வரி இல்லாத வேலி

சரக்கு வணிகத்தில் தடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுங்கவரி. அதற்கு ஒரு எண் உண்டு. எட்டு சதவீதம், முப்பது சதவீதம் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஏற்றுமதியாளர் கணக்குப் போட்டு, கட்டுமா கட்டாதா என்று முடிவெடுப்பார். சேவைக்கு அப்படிப்பட்ட எண் கிடையாது. மின்வழியே செல்பவற்றுக்குச் சுங்கவரி போடுவதில்லை என்று 1998இல் உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டு, அதைப் பல முறை நீட்டித்தார்கள். வரி இல்லை என்றதும் வேலி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஆன்டிகுவாவை மறித்தவை மூன்று கூட்டாட்சிச் சட்டங்கள். அவற்றில் முக்கியமானது 1961ஆம் ஆண்டின் கம்பிவழிச் சட்டம். தொலைபேசியிலும் தந்தியிலும் பந்தயம் எடுத்த குற்றக் கும்பல்களை ஒடுக்க எழுதியது. 'வெளிநாட்டு வணிகம்' என்ற சொல் அதில் வந்தாலும், அதன் குறி இறக்குமதி அல்ல. வணிகத்தைத் தடுக்கும் நோக்கமும் இல்லை. இணையம் வந்தபோது அந்தச் சட்டம் தானாகவே ஓர் இறக்குமதித் தடையாக மாறிவிட்டது. சேவை வணிகத்தின் பெரும்பாலான தடைகள் இந்த வகைதான். உரிம விதி, கல்வித் தகுதி விதி, வங்கி விதி, தரவுப் பாதுகாப்பு விதி. எழுதியவர் யாரும் வணிகத்தை நினைத்து எழுதவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சரக்கை வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஆய்வகத்துக்கு அனுப்பலாம், பிடிக்காவிட்டால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம். சேவை செய்யும்போதே நுகரப்பட்டுவிடுகிறது. அறுவை சிகிச்சையை மாதிரி பார்த்து வாங்க முடியாது. ஆகவே அரசுகள் சேவையைச் சோதிப்பதில்லை. சேவை செய்பவரைச் சோதிக்கின்றன. யார் அவர், எங்கே பதிவு செய்திருக்கிறார், ஏமாற்றினால் எந்த நீதிமன்றத்தில் பிடிப்பது? எல்லைக்கு அப்பால் இருப்பவரால் இந்தக் கேள்விகளுக்குத் திருப்தியான பதில் சொல்ல முடிவதில்லை. எனவேதான் உலகச் சேவை வணிகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம், வாங்குபவரின் நாட்டிலேயே கிளையோ துணை நிறுவனமோ திறந்து நடக்கிறது. சரக்கு தயாரிப்பவர் ஊரிலேயே இருக்கலாம். சேவை தருபவர் பெரும்பாலும் குடிபெயர வேண்டியிருக்கிறது. ஒன்று முதலீடாக, அல்லது ஆளாக. சேவை எல்லை தாண்ட நான்கு வழிகள் உண்டு: சேவை மட்டும் போவது, வாங்குபவர் தேடி வருவது, கிளை திறப்பது, ஆள் போவது. ஆளாகப் போகும் வழிதான் இந்த நான்கில் மிகக் குறுகியது. அங்கே வேலி விசா.

ஒரு சொல்லுக்காக

1947இல் உருவான, சரக்கு வணிகத்துக்கான காட் ஒப்பந்தத்தில் உள்நாட்டுச் சரக்கையும் வெளிநாட்டுச் சரக்கையும் உள்ளே வந்தபின் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது எல்லாச் சரக்குக்கும் பொருந்தும். 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வணிக ஒப்பந்தமான காட்ஸ் அப்படியில்லை. அந்தந்த நாடு தன் பட்டியலில் எந்தத் துறையை எழுதியதோ, அதில்தான் சந்தையைத் திறக்கும் கடமையும் சமமாக நடத்தும் கடமையும் வரும். எழுதாத துறையில் அந்தக் கடமைகள் இல்லை. ஆகவே ஒரு சேவை ஏற்றுமதியாளரின் எதிர்காலம் பட்டியல் எழுதிய குமாஸ்தாவின் பேனாவில் இருக்கிறது.

அமெரிக்கப் பட்டியலில் 10.டி என்ற இடத்தில் 'இதர பொழுதுபோக்குச் சேவைகள், ஸ்போர்ட்டிங் நீங்கலாக' என்று எழுதி, எல்லை கடந்த சேவைக்கு 'கட்டுப்பாடு எதுவும் இல்லை' என்று குறித்திருந்தார்கள். சூதாட்டம் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருமா? 'ஸ்போர்ட்டிங்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சூதாட்டம் என்ற பொருளும் உண்டு, ஆகவே நாங்கள் அதை விலக்கிவிட்டோம் என்றது அமெரிக்கா. விசாரணைக் குழு அகராதிகளைப் புரட்டியது. அகராதியையே சொல்லின் வழக்குப் பொருளாக எடுத்துக்கொண்டதற்காக மேல்முறையீட்டு அமைப்பிடம் குட்டும் வாங்கியது. உலக வணிகத்தின் உச்ச மன்றத்தில் ஒரு விகுதி கொண்ட சொல்லுக்காக இத்தனை பேர் உட்கார்ந்திருந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். தீவுக்கு அது வேடிக்கை இல்லை.

முடிவைத் தீர்மானித்தது 1991இல் பேச்சுவார்த்தைக்காகத் தயாரித்த வகைப்பாட்டு ஆவணம். அதில் 'விளையாட்டும் இதர பொழுதுபோக்கும்' என்ற தலைப்பு ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டில் ஓர் எண்ணோடு இணைந்திருந்தது. அந்த எண்ணின் கிளையில் சூதாட்டமும் பந்தயமும் தனியாக இருந்தன, விளையாட்டோடு சேராமல். அமெரிக்கா தன் பட்டியலில் அந்த எண்களைக் குறிக்கவில்லை. தலைப்புகளை மட்டும் அப்படியே எடுத்திருந்தது. ஒரு நாடு மனத்தில் என்ன நினைத்தது என்பதல்ல, உறுப்பினர்கள் பொதுவாக எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதே கேள்வி என்று 2005 ஏப்ரல் 7 அன்று மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. நினைக்காமலேயே ஒரு சந்தையைத் திறந்துவிட்டிருந்தது அமெரிக்கா.

சரக்கில் இப்படி நடப்பது அரிது. சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். எண் ஆறு இலக்கம் வரை உலகம் முழுவதும் ஒன்றே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். சேவைக்கான அந்த 1991 ஆவணத்தில் இருப்பவை 12 துறைகள், ஏறத்தாழ 160 உட்பிரிவுகள். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு நுணுக்கமான பெயர் வைப்பதும் கடினம்தான். சரக்கும் சேவையும் ஒரே பொருளில் கலந்திருந்தால் இன்னும் சிக்கல். 1993இல் ஓர் அமெரிக்க விளையாட்டு வார இதழ், பக்கங்களைச் செயற்கைக்கோள் வழியே கனடாவுக்கு அனுப்பி அங்கேயே அச்சடித்தது. எல்லையில் தாள் வரவில்லை, ஆகவே சுங்கத் தடை செல்லாமல் போனது. கனடா விளம்பர வருமானத்தின் மீது 80 சதவீத வரி போட்டது. விளம்பரம் சேவை, காட் பொருந்தாது என்று வாதாடிய கனடா 1997இல் தோற்றது. உள்ளடக்கத்திலும் விளம்பரத்திலும் சேவைத்தன்மை இருந்தாலும், இரண்டும் சேர்ந்து அச்சான இதழ் ஒரு பண்டம்தான் என்றது தீர்ப்பு.

பூஜ்ய ஒதுக்கீடும் குதிரைப் பந்தயமும்

ஆன்டிகுவா தீர்ப்பில் இன்னொரு புள்ளி இருந்தது. பட்டியலில் சந்தையைத் திறந்த நாடு, சேவை தருபவர்களின் எண்ணிக்கைக்கு ஒதுக்கீடு வைக்கக் கூடாது. முழுத் தடை என்பது பூஜ்யம் என்ற ஒதுக்கீடு, ஆகவே அதுவும் மீறலே என்றார்கள். தர்க்கம் சரி. ஆனால் உள்நாட்டவருக்கும் சேர்த்தே போட்ட ஒரு தடை இப்படி வணிக மீறலாகும் என்பது பல நாடுகளின் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குக் கிலியை உண்டாக்கியது. சரக்குச் சட்டத்தில் எல்லைத் தடைக்கு ஒரு விதி, உள்நாட்டு விதிக்கு ஒரு விதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சேவைக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாததால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

அமெரிக்காவுக்குத் தப்பும் வழி ஒன்று இருந்தது: பொது ஒழுக்கத்தைக் காக்கும் விதிவிலக்கு. சரக்கு ஒப்பந்தத்தில் 1947 முதல் இருந்தும் யாரும் நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்காத விதிவிலக்கு, ஒரு சேவை வழக்கில்தான் முதல்முறை விளக்கம் பெற்றது. மூன்று சட்டங்களும் பொது ஒழுக்கத்துக்குத் தேவையானவை என்று மேல்முறையீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. மாட்டியது ஒரே இடத்தில். மாநிலங்களுக்கு இடையிலான குதிரைப் பந்தயச் சட்டம், 2000இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உள்நாட்டு நிறுவனங்கள் மின்வழியே பந்தயம் எடுக்க இடம் கொடுப்பது போல இருந்தது. ஒழுக்கம் என்றால் எல்லோருக்கும் ஒழுக்கமாக இருக்க வேண்டும், குதிரைக்கு மட்டும் விலக்கு என்றால் எப்படி? அமெரிக்கா அந்த ஒரு ஓட்டையை அடைத்திருந்தாலே வழக்கு முடிந்திருக்கும். அடைக்கவில்லை. 2007 மார்ச்சில் வந்த இரண்டாவது அறிக்கை, தீர்ப்பு நிறைவேறவில்லை என்று உறுதி செய்தது.

எவ்வளவு நஷ்டம்?

வழக்கின் மிக வினோதமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. தோற்ற நாடு தீர்ப்பை நிறைவேற்றாவிட்டால், வென்ற நாடு அனுமதி பெற்றுத் தன் இழப்பின் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம்; ஆகவே இழப்பு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். ஆண்டுக்கு 344.3 கோடி டாலர் இழப்பு என்றது ஆன்டிகுவா. அது அந்த நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தியைவிடப் பெரிய தொகை. இல்லை, 5 இலட்சம் டாலர் என்றது அமெரிக்கா. ஏறத்தாழ 7,000 மடங்கு வித்தியாசம்.

எஃகு வழக்கிலோ வாழைப்பழ வழக்கிலோ கட்சிகள் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று சண்டை போடலாம். ஆனால் நடுவர்கள் சுங்கப் பதிவேட்டைத் திறந்தால் எடை, மதிப்பு, தேதி எல்லாம் இருக்கும். சேவைக்குப் பதிவேடு இல்லை. நிறுவனங்கள் தாங்களே சொல்லும் கணக்கு, மத்திய வங்கிகள் நடத்தும் ஆய்வு, அந்நியச் செலாவணி வரவு ஆகியவற்றைத் தைத்துத்தான் புள்ளிவிவரம் செய்கிறார்கள். கிளை வழியே நடக்கும் 60 சதவீதம் வழக்கமான வரவு செலவுக் கணக்கில் ஏற்றுமதியாக வருவதே இல்லை. இதனால்தான் உலக உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்காக இருக்கும் சேவைகள், எல்லை கடந்த வணிகக் கணக்கில் நாலில் ஒரு பங்கை ஒட்டியே தெரிகின்றன. பாதி உண்மை, பாதி அளவுகோலின் குறை.

2007 டிசம்பர் 21 அன்று நடுவர் குழு 2.1 கோடி டாலர் என்றது. இருதரப்பும் கொடுத்த தரவு பலவீனமானது என்று குழுவே குறைபட்டுக்கொண்டது. தொகை இவ்வளவு சிறியதானதற்குத் தரவு மட்டும் காரணமல்ல. அமெரிக்கா எல்லா இணையச் சூதாட்டத்தையும் திறந்திருக்கும் என்று கற்பனை செய்ய முடியாது, குதிரைப் பந்தயத்தை மட்டும் திறந்திருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரும்பான்மை நடுவர்கள் முடிவெடுத்தார்கள். ஒருவர் மட்டும் உடன்படவில்லை. என் கணிப்பில் அந்த ஒருவர் பக்கம்தான் நியாயம் அதிகம்: கடமையை மீறியவர் எதைத் திறந்திருப்பார் என்பதை மீறியவரின் விருப்பப்படியே ஊகித்தால், மீறலுக்கு விலை குறைந்துகொண்டே போகும்.

எதைக் கொண்டு அடிப்பது

2002 மார்ச்சில் அமெரிக்கா இறக்குமதி எஃகுக்கு 30 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் மற்றவர்களும் வழக்குப் போட்டு வென்றார்கள். ஐரோப்பா சுமார் 220 கோடி டாலர் அமெரிக்கச் சரக்குக்கான பதிலடி வரிப் பட்டியலைத் தயாராக வைத்திருந்தது; தேர்தலில் முக்கியமான மாநிலங்களின் பொருள்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். 2003 டிசம்பரில் அதிபர் புஷ் எஃகு வரியை விலக்கினார். ஆன்டிகுவா வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

இந்த ஒப்பீட்டில் ஒரு கோணல் இருப்பது எனக்குத் தெரிகிறது. ஐரோப்பா எங்கே, ஆன்டிகுவா எங்கே? ஆகவே இன்னொரு சிறிய நாட்டையும் பார்க்க வேண்டும். வாழைப்பழ வழக்கில் ஈக்வடோர் ஐரோப்பாவை வென்றது, 2000இல் 20.16 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி அனுமதியும் பெற்றது, அறிவுசார் சொத்துரிமைகள் மீது உட்பட. அதை அது பயன்படுத்தவில்லை. ஆனால் 2009 டிசம்பரில் சமரசம் வந்தது: டன்னுக்கு 176 யூரோ வரி உடனே 148 ஆகும், 2017க்குள் 114 ஆகும். அங்கே பேரம் பேச ஓர் எண் இருந்தது. எண்ணை வெட்டலாம், தவணை வைக்கலாம், இருவரும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். சூதாட்டத் தடையை எப்படி மூன்றில் ஒரு பங்கு குறைப்பது? அனுமதி என்பது உண்டு அல்லது இல்லை. சரக்கு, சேவை என்று பிரித்து எழுதப்படும் பல காரணிகளில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது இதுதான்.

ஆன்டிகுவாவின் கையில் ஆயுதம் இருந்ததா? அமெரிக்கச் சரக்குக்கு வரி போட்டால் சொந்த மக்களுக்கு விலை ஏறும்; அமெரிக்க ஏற்றுமதியாளர் கவனிக்கக்கூட மாட்டார். அமெரிக்கச் சேவைகளைத் தடுத்தாலும் அதே கதி. ஆகவே காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக் குறி ஆகியவற்றைக் காக்கும் கடமையை நிறுத்திவைக்க அனுமதி கேட்டது. 2013 ஜனவரி 28 அன்று அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவு வரை அமெரிக்கப் படங்களையும் மென்பொருள்களையும் உரிமத்தொகை கட்டாமல் விற்கலாம். அது நடக்கவில்லை. சுற்றுலாவை நம்பி வாழும் தீவு தன் பெரிய வாடிக்கையாளரைத் திருட்டுக் கடை வைத்து மிரட்டுவதற்கு எவ்வளவு தூரம் துணியும் என்பதை வாஷிங்டன் நன்றாகவே கணித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் 2007 மேயில் அமெரிக்கா சூதாட்டத்தைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஒப்பந்தத்தில் அதற்கும் வழி உண்டு, மற்றவர்களுக்கு ஈடு கொடுத்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஜப்பான் ஆகியவற்றோடு ஆண்டு முடிவதற்குள் பேசி முடித்தார்கள். ஈடாகக் கிடங்கு, தொழில்நுட்பச் சோதனை, ஆராய்ச்சி, அஞ்சல் ஆகிய சேவைகளில் திறப்பு கிடைத்தது. வழக்குப் போட்ட ஆன்டிகுவாவோடு உடன்பாடு ஏற்படவில்லை.

பொதுவாக்க முடியாதவை

சூதாட்டம் எல்லாச் சேவைகளுக்கும் மாதிரி அல்ல. ஒழுக்கம் என்ற பாரம் கணக்குத் தணிக்கைக்கோ கட்டட வடிவமைப்புக்கோ இல்லை. அவற்றில் தடை வேறு முகத்தோடு வரும்: பட்டத்தை ஏற்க மறுப்பது, வெளிநாட்டுப் பங்குக்கு உச்சவரம்பு வைப்பது, உரிம விண்ணப்பத்தை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது. கடைசியானதைக் குறைக்கத்தான் சுமார் 70 நாடுகள் 2021 டிசம்பரில் உள்நாட்டு ஒழுங்குமுறை விதிகளுக்கு ஒப்புக்கொண்டன. விண்ணப்பத்துக்குக் காலக்கெடு, கட்டணத்தில் வெளிப்படைத்தன்மை போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். சுங்கவரிப் பேச்சுவார்த்தையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இவை அலுவலக நடைமுறை போலத் தெரியும். சேவை ஏற்றுமதியாளருக்கு வரிக் குறைப்பு என்றால் இதுதான்.

2018 மேயில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி கொடுப்பதைத் தடுத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. மாநிலம் மாநிலமாகச் சந்தை திறந்தது. ஆன்டிகுவாவுக்கு அல்ல, அந்தந்த மாநில உரிமம் பெற்றவர்களுக்கு. 1961ஆம் ஆண்டுக் கம்பிவழிச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகவே பந்தயம் வைப்பவர் எந்த மாநிலத்தில் நிற்கிறார் என்று அவருடைய கைபேசியைச் செயலி முதலில் கேட்கிறது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் பொத்தான் வேலை செய்யாது.